அடிக்கடி ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: ஃபார்மட் கடைசியில்தான்

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனாலோ, தானாக அணைந்து ரீஸ்டார்ட் ஆனாலோ, பலருக்கும் முதலில் வரும் யோசனை ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்பதுதான். கோளாறு ரேமிலோ, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலோ இருந்தால், ஃபார்மட் போட்ட பிறகும் அது அப்படியே இருக்கும். அதனால் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

1. எப்போது விழுகிறது என்று குறித்துவையுங்கள்

கேம், வீடியோ எடிட்டிங் என்று பளு ஏறும்போது பட்டென்று அணைந்தால் சூட்டையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ சந்தேகிக்கலாம். ஃபைல் திறக்கும்போது சிக்கி, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். நேரம் காலமில்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீட்டோடு நீலத்திரை வந்தால் ரேமை முதலில் சோதியுங்கள். புதிய டிரைவர் போட்ட பிறகுதான் தொல்லை என்றால் அதை நீக்கிப் பாருங்கள்.

2. விண்டோஸ் பதிவைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’யைத் தேடித் திறந்தால், எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறிகளோடு காட்டும். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால் உடனே எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி ஓடியது என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

3. தூசியும் சூடும்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டைத் திறந்து புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் ஓடுகிறதா, ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

4. ரேம்

கரண்டைத் துண்டித்து ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் போகத் துடைத்து, ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. போட்டிருந்தால் பயாஸில் அணைத்துவிடுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் கோளாறு பெரும்பாலும் மதர்போர்டில்.

5. டிஸ்க்

சோதிக்கும் முன் முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் டிஸ்க்கை நம்பாதீர்கள். சாட்டா டிஸ்க்கில் ‘சி.ஆர்.சி. எரர் கவுண்ட்’ மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

6. எஸ்.எம்.பி.எஸ்.

12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். மென்பொருள் காட்டும் அளவு துல்லியமாக இருக்காது, மல்டிமீட்டர் நல்லது. அதிலும், நொடிப்பொழுது விழும் வோல்டேஜ் மீட்டரில் சிக்காது. தெரிந்தவரிடம் போதிய வாட் உள்ள எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. பழையதைப் பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மதர்போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தால் போர்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

7. மென்பொருளா, வன்பொருளா?

உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். அதிலும் ஹேங் ஆனால் வன்பொருள் மீதுதான் சந்தேகம் வலுக்கும். அதில் நன்றாக ஓடி விண்டோஸில் மட்டும் விழுந்தால், ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே தொல்லை இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுங்கள். இதற்கும் மசியாவிட்டால் ஃபார்மட் போடலாம்.

ஒன்றை மாற்றியதும் ‘சரியாகிவிட்டது’ என்று முடிவுகட்டாதீர்கள். தினமும் விழுந்த கம்ப்யூட்டர் ஒரு வாரம் விழாமல் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை விழுந்தது என்றால் ஒரு மாதமாவது பொறுத்துப் பாருங்கள்.