சேதன விவசாயச் சான்றிதழ்: பரிசோதிப்பவர் யார்? தீர்மானிப்பவர் யார்?

கமக்காரர்களே,

சேதன விளைபொருளெனக் கூறி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்பதற்குச் சான்றிதழ் இன்றியமையாதது. நெல், மரக்கறி போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு, விதைப்பதற்கு முன் 2 வருட மாறுகாலம் கழிதல் வேண்டும். அக்காலத்தில் நீங்கள் படும் பாடெல்லாம், சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் நேர்மையிலேயே தங்கியுள்ளது. எனவே விண்ணப்பிக்குமுன் அதன் அமைப்பை விசாரித்தறிக. இத்தகைய நிறுவனங்களுக்கென 2012ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியமம் (ஐ.எஸ்.ஓ. 17065) கூறுவனவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. வயலைப் பரிசோதித்தவரே சான்றிதழ் வழங்கும் தீர்மானத்தைச் செய்தலாகாது. அறிக்கை எழுதுபவர் ஒருவர்; தீர்மானிப்பவர் வேறொருவர்.

2. சான்றளிக்கும் நிறுவனம், தன்னிடம் சான்றிதழ் கோருவோருக்கு ஆலோசனைச் சேவை வழங்கலாகாது. தான் கற்பித்ததைத் தானே மதிப்பிடுபவர் குறை காணத் தயங்குவர்.

3. நிறுவனத்தின் நடுநிலையைக் கண்காணிக்கும் குழுவில் விளைவிப்போர், வாங்குவோர் முதலிய பல தரப்பாரும் இடம்பெறல் வேண்டும். எத்தரப்பும் மேலோங்கலாகாது.

4. மேன்முறையீட்டை, முன்னைய தீர்மானத்தில் பங்குபற்றாதவரே விசாரித்தல் வேண்டும்.

பரிசோதகர் உங்கள் உறவினராகவோ, உங்கள் விளைவை வாங்கும் வியாபாரியாகவோ இருப்பின், அதனை எழுத்தில் அறிவித்து வேறொருவரை அனுப்புமாறு கேளுங்கள். சலுகையாகக் கிடைத்த சான்றிதழ் இன்று இனிக்கும். ஆனால் ஒருவருடைய பொய் வெளிப்படும் நாளில், அதே முத்திரை பதித்த அயல் வயல்காரரின் நல்ல நெல்லையும் வாங்குவோர் நம்பமாட்டார்.