தோட்டக்காரப் பிள்ளைகளுக்குத் தோட்டா பற்றிச் சில சொற்கள்

தம்பிகளா, டுரியான் காட்டையும் செம்பனையையும் அப்பாமார் கையிலிருந்து வாங்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரே இரவில் காட்டுப்பன்றி இளங்கன்றுகளின் குருத்தைக் குடைந்து தின்றுவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். துப்பாக்கி பற்றிப் பேச ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. நான் அதற்குள் போகிற பொருளைப் பற்றிப் பேசுகிறேன்.

1. கைத்துப்பாக்கியில் போடும் சிதறுதோட்டா பாம்புக்கு நல்லதாமே, எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் அது கடையில் விற்கிற சாமான். அங்கேயும் அது நாலைந்து எட்டு தூரத்துக்குத்தான் உதவும். கைத்துப்பாக்கிக் குழலுக்குள் திருகுபோல வெட்டிய பள்ளங்கள் இருக்கும். ஒற்றைக் குண்டை அவை நேராக ஓட்டும். பொடிக் குண்டுகளையோ சுழற்றி நாலாபுறமும் வீசிவிடும். இங்கே மலேசியாவின் சிம்பாங் பூலாயில் பாம்படிக்கவென்று யாருக்கும் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். கொட்டகையில் நாகம் புகுந்தால் தள்ளி நின்று, அது எங்கே போகிறதென்று கண் வைத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிக்கும். மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட இனம். அதைச் சுட்டால் அது வேறு வழக்கு.

2. வீட்டிலேயே தோட்டா அடைக்கலாமா? கூடாது. கைப்பேசியில் எவனோ செய்து காட்டுகிறான் என்றால் அவன் நாட்டுச் சட்டம் வேறு. நம் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்வதற்கான தண்டனை அதைவிடக் கடுமை. இதில் பேச வேறொன்றுமில்லை.

3. கிடந்தது என்று எதையும் எடுக்காதீர்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டையோரத்திலும் ரப்பர்க் காட்டிலும் மண்ணைக் கிளறினால் அவசரகாலத்துத் தோட்டா கிடைக்கலாம். 1948 ஜூன் 16-ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாட்டில் அவசரகாலம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதித்தார்கள். அந்த விதிக்குப் பலியானவர்களில் நம்மவர் ஒருவர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும். 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு பரிந்து பேசியும் பலனில்லை. துப்பாக்கியைக் கண்டெடுத்ததாகவும், போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அது நியாயமான தீர்ப்பா என்பது பெரிய பேச்சு. என் மனத்தில் அது நியாயமில்லை. உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: காலால் கூடத் தள்ளாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுக்கட்டும்.

4. லைசென்ஸ் வாங்கி, மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்கிற மடக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது. 12 போர் துப்பாக்கி இருக்கிற வீட்டில் 20 போர் தோட்டா இருக்கவே கூடாது. 20 போர் தோட்டா மெலிந்தது. 12 போர்க் குழலுக்குள் போட்டால் கொஞ்சம் உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் குழல் காலி மாதிரி தெரியும். பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இடது கை போகும். அதற்காகத்தான் 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். தோட்டாவின் நீளத்தையும் பாருங்கள். இரண்டரை அங்குல அறைக்கு வெட்டிய தாத்தா காலத்துத் துப்பாக்கியில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா சில சமயம் உள்ளே போய்விடும். போவதால் மட்டும் பொருந்துகிறது என்று ஆகாது. சுடும்போது முன்வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். குழலின் அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

5. பன்றிக்கு எஸ்.ஜி. போடுவார்கள். ஒரு அவுன்ஸுக்கு எட்டு ஈயக்குண்டு. நாலாம் நம்பரில் அதே எடைக்கு 170 இருக்கும். எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு குண்டும் வெகுதூரம் போகும் என்பதை மறக்காதீர்கள். நம் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலை, நடுவில் குட்டைகள். கல்லில் பட்ட ஈயமும் தண்ணீரைச் சாய்வாகத் தொட்ட ஈயமும் திசை மாறித் தெறிக்கும். பாறையைப் பின்னணியாக வைத்துச் சுடாதீர்கள். சரிந்த மண் கரை நல்லது. பன்றி சுட வனவிலங்கு இலாகாவின் அனுமதி தனியாக வேண்டும்; போலீஸ் லைசென்ஸ் மட்டும் போதாது.

6. இங்கே அடிக்கிற மழைக்குப் பித்தளை அடியில் பச்சை பூக்கும். பூத்ததை வெயிலில் காயவைக்காதீர்கள், துடைத்து மறுபடி சேர்க்காதீர்கள். தனியே வைத்துப் போலீசைக் கேளுங்கள். சுட்டும் வெடிக்கவில்லை என்றால் உடனே மடக்கைத் திறக்காதீர்கள். குழல் வாய் ஆளில்லாத பக்கம் இருக்க அரை நிமிடம் பொறுங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

7. பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு தோட்டா கடன் கேட்பார். நல்லவராகத்தான் இருப்பார். கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது.

8. அப்பா தவறிப்போனால் அவர் லைசென்ஸும் அவரோடு போய்விடும். துப்பாக்கி தானாகப் பிள்ளைக்கு வராது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அலமாரி மேலே பழைய மைலோ டின்னில் அவர் போட்டு வைத்த நாலு தோட்டாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.