துறையும் புணர்ச்சியும்

கணிப்பொறியோடு பிற கருவிகளைப் பொருத்துதற்கு அமைந்த வாயிலை ஆங்கிலேயர் 'போர்ட்' என்பர். கப்பல் அடையும் துறைக்கும் அவர் இட்ட பெயர் அதுவே. தூத்துக்குடிக் கரையை அறிந்தார்க்கு இப்பெயரொற்றுமை நன்கு விளங்கும். இன்று வ.உ.சி. துறைமுகம் என வழங்கும் புதுத்துறை 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகம் ஆவதற்கு முன், கரையருகே ஆழமின்மையின் பெருங்கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே இடைநின்று சரக்கைச் சுமந்தன. கப்பலிலும் குறையில்லை, கரையிலும் குறையில்லை, இரண்டும் கூடுமிடத்தே இடர் விளைந்தது. தொடக்ககாலக் கணிப்பொறிகள் எய்திய இடரும் இத்தகையதே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இருவகை வாயில்கள் பொருத்தப்பெற்றன. ஒன்று, 1960-இல் தோன்றிய ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்தைத் தழுவி, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுப்பது. மற்றொன்று, எட்டுப் பிட்டுகளை எட்டுக் கம்பிகளில் ஒருங்கே அச்சுப்பொறிக்கு விடுப்பது. இரண்டும் 25 முனைகொண்ட ஒரே வடிவின. ஊசியுடையது எது, துளையுடையது எது என்பதே வேற்றுமை. 1986-இல் வந்த மாக்கிண்டாஷ் பிளஸ், 'ஸ்கஸி' என்னும் மூன்றாவது முறைக்கும் 25 முனை வாயிலையே வைத்தது. முன்னையது நேரும் எதிருமாகிய 3 முதல் 15 வோல்ட்டு வரையில் பேச, ஏனையவை 5 வோல்ட்டுக்குள் அடங்குவன. ஆதலின் வடிவை நம்பி மாற்றிப் பொருத்தியவர் கருவியை இழக்கவும் நேரும்.

இலக்கணம் பயில்வார்க்கு இது புதிதன்று. மண் என்பதனோடு பானை சேர்ந்தால் மட்பானை என்றாகும். பெரிது சேர்ந்தால் மண் பெரிது என்றே நிற்கும். நிலைமொழி ஈறும் ஒன்றே. வருமொழி முதலும் ஒன்றே. முன்னது வேற்றுமை, பின்னது அல்வழி என்னும் உறவே புணர்ச்சியை வேறாக்கிற்று. ஆர்.எஸ்.-232 வாயிலிலும் இஃதே நிகழும். 25 முனை வாயிலில் கணிப்பொறி இரண்டாம் முனையாற் பேசி மூன்றாம் முனையாற் கேட்கும். மோடம் அவ்விரண்டாம் முனையாற் கேட்டு மூன்றாம் முனையாற் பேசும். ஆதலின் இவ்விரண்டையும் நேர்க்கம்பி இணைத்துவிடும். இரு கணிப்பொறிகளை அவ்வாறே இணைத்தாலோ வாய்க்கு எதிரே வாயும், செவிக்கு எதிரே செவியுமாய் நின்றுவிடும். கம்பிகளை மாறிப் பின்னிய 'நல் மோடம்' என்னும் இடைக்கருவியே ஆண்டுத் தோணியாய் உதவியது.

கம்பி பொருந்தினும் போதாது. விரைவும் பிட்டுகளின் எண்ணிக்கையும் இருபாலும் ஒத்தல் வேண்டும். இங்கேதான் தமிழுக்கு உற்ற கேடு உளது. 1999-இல் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின்பின் அரசு ஏற்ற 'டாப்' குறியீடு, ஆங்கிலத்தை 128-க்குக் கீழும் தமிழை அதற்கு மேலும் வைத்தது. இத்தகைய எழுத்தை ஏழு பிட்டே கடத்தும் வழியில் விடுத்தால் எட்டாம் பிட்டு உதிரும். ஆங்கிலம் பழுதின்றிச் சேரத் தமிழ் முழுதும் பொருளற்ற உரோமன் எழுத்தாய்ச் சிதையும். ஒரு பிட்டின் இழப்பு ஒருமொழிக்கு ஒன்றுமில்லை; மற்றொரு மொழிக்கோ முற்றழிவு!

1996-இல் ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த யு.எஸ்.பி. நியமம் இவ்விடரைப் பெரிதும் தணித்தது. பொருத்தியவுடன் கருவி தான் இன்னதெனத் தானே அறிவிக்கும். ஒரு தலைமைக்கீழ் 127 கருவிகள் வரை அமையும். துறைமுகத்துச் சரக்குப்பெட்டியும் இவ்வாறே: மூலைப்பொருத்து ஒரே நியமத்தது ஆதலின், உள்ளிருப்பது யாதென அறியாமலே பாரந்தூக்கி அதனை எடுக்கும். ஆயினும் 2014-இல் வந்த 'டைப்-சி' முனையில் பழைய இடர் மீண்டும் தலைகாட்டுகின்றது. ஒரே வடிவுடைய கம்பிகளுள் சில விரைந்து செய்தி கடத்த, சில மெல்லவே கடத்துகின்றன.

பாபேலிற் கோபுரம் எடுத்தார்க்குச் செங்கல்லும் கீலும் குறைந்தில, பேச்சொருமையே குறைந்தது. வடிவு ஒத்தல் வேறு, உடன்பாடு ஒத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். ஆதலின் நியமங்கள் வகுக்கப்படும் அவையில் தமிழறிந்தாரும் அமர்தல் வேண்டும். எட்டாம் பிட்டின் அருமையை அதனால் இழப்புற்ற மொழியினரன்றிப் பிறர் எடுத்துரையார். கணிப்பொறி பயிலும் மாணவர் புணர்ச்சியிலக்கணத்தையும், தமிழ் பயிலும் நாம் இக்கருவிகளின் இயல்பையும் ஒருங்கே கற்போமாக.