பேரன் விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

நாடி பிடித்துப் பார்க்கிற சித்த வைத்தியனுக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது!

என்னிடம் வருகிற பல குடும்பங்களில் மகனோ மகளோ அமெரிக்காவில். "பிரசவத்துக்கு ஆறு மாசம் போறோம் டாக்டர், பெரிய பேரனுக்குச் சளி பிடிச்சா என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டு மருந்து வாங்கிப் போவார்கள். எந்தக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கும் என்பது வரை விசாரித்து வைத்திருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அங்கே 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் இறப்பதற்கு முதல் காரணம் எது? கார் விபத்து என்பீர்கள். நெடுங்காலம் அதுதான் உண்மையாக இருந்தது. 2020-ல் துப்பாக்கி அதை முந்திக்கொண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதுவே முதலிடம். கொலை, தற்கொலை, விபத்து மூன்றும் இந்தக் கணக்கில் அடக்கம்.

துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்கிற வழக்குக்கு நான் வரவில்லை. 1791-லேயே அதை உரிமை என்று அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொண்ட நாடு அது. நம் கவலையெல்லாம் அந்த வீட்டில் ஓடி ஆடுகிற குழந்தையைப் பற்றி.

சொல்லி வைத்தால் போதாதா?

"எங்க பையன்கிட்டே படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கோம், தொடவே மாட்டான்" என்பது அங்கேயும் பெற்றோர் சொல்கிற பதில்தான். இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அட்லாண்டா நகரில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு அது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து, 29 குழுக்களாக ஓர் அறையில் கால் மணி நேரம் விட்டார்கள். மேஜை டிராயரில் குண்டு போடாத நிஜத் துப்பாக்கி ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள்.

21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தியே விட்டான்! கண்டெடுத்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே தெரியவில்லை. இதைவிட முக்கியம், கையில் எடுத்த பையன்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கி பற்றிய எச்சரிக்கைப் பாடத்தை ஏதோ ஒரு வகையில் ஏற்கெனவே கேட்டவர்கள்.

பையன்களைக் குறை சொல்லாதீர்கள். தோண்டித் துருவிப் பார்ப்பது அந்த வயதின் குணம். சின்னக் குழந்தைக்கு விசையை அழுத்த பலம் ஏது என்றும் அலட்சியமாக இருக்க வேண்டாம். 1995-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 3, 4 வயதுக் குழந்தைகளிலேயே நான்கில் ஒன்றுக்குப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளை இயக்கும் விரல் பலம் இருக்கிறது.

ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு

அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி இருக்கிற வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்தார்கள் (2006). "எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது" என்று அடித்துச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், "எனக்குத் தெரியுமே!" என்று இடத்தைச் சொல்லிவிட்டன. நம் வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்த முறுக்கு எத்தனை நாள் தங்கியது, சொல்லுங்கள்?

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்தில் நஞ்சு நூல் எங்களுக்கு ஒரு பாடம். பாஷாண வகை மட்டும் 64 என்று சித்தர்கள் கணக்கு வைத்தார்கள். எட்டிக்கொட்டை, நேர்வாளம், சேராங்கொட்டை எல்லாம் சுத்தி செய்தால் மருந்து, செய்யாவிட்டால் விஷம். இவற்றை "தொடாதே" என்று சீட்டு ஒட்டி எந்த வைத்தியரும் திண்ணையில் வைப்பதில்லை. பெட்டி, பூட்டு, சாவி இடுப்பில். அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கும் அதே சட்டம். குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியைப் பூட்ட வேண்டும். குண்டுகளை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்ட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், துப்பாக்கியே இல்லாத வீடுதான் குழந்தைக்கு உத்தமம் என்கிறது. வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு இந்த முறையைச் சொல்கிறது. ஒரு சின்ன விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம்: பிஸ்டலில் குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டாலும், உள்ளே குழல் வாயில் ஒரு குண்டு தங்கியிருக்கலாம். காலி என்று நினைத்த துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான். அப்புறம், எண் பூட்டுக்குக் குழந்தையின் பிறந்த தேதியை வைக்கிறார்களே, அதைவிடப் பூட்டாமலே இருக்கலாம்! கைப்பை, கார் டிராயர், தலையணைக்கு அடி ஆகியவையும் பூட்டு ஆகாது.

வளர்ந்த பிள்ளை இருந்தால்

சின்னக் குழந்தைக்குத்தான் பூட்டு, பதினைந்து வயதுப் பையனுக்கு எதற்கு என்று நினைக்கிற அப்பாக்கள் உண்டு. நான் நேர்மாறாகச் சொல்வேன். பரீட்சைத் தோல்வி, காதல் முறிவு, அப்பா அடித்தது... அந்த வயதில் சாக வேண்டும் என்கிற எண்ணம் பல சமயம் புயல் மாதிரி வந்து சீக்கிரமே கடந்து போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. துப்பாக்கி இருந்தால் திரும்பி வருவதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

"பூட்டினா மட்டும் நிக்குமா, வேற வழி தேட மாட்டானா?" என்பீர்கள். இலங்கையைப் பாருங்கள். கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளை 1995-லும் 1998-லும் தடை செய்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. துக்கம் குறையவில்லை, கைக்கு எட்டுகிற விஷம் குறைந்தது. மனம் சோர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பூட்டிய துப்பாக்கியைக்கூடக் கொஞ்ச காலம் வீட்டை விட்டே அப்புறப்படுத்துவது நல்லது. பிள்ளையிடம் மனம் விட்டுப் பேசுவதும், மருத்துவரிடம் அழைத்துப் போவதும் கூடவே நடக்க வேண்டும்.

சட்டமும் மெல்ல விழித்திருக்கிறது. பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைத்தால் பெரியவர் குற்றவாளி என்ற சட்டத்தை 1989-ல் முதலில் கொண்டுவந்தது புளோரிடா. மிச்சிகனில் 2021-ல் 15 வயது மாணவன் பள்ளியில் 4 பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், அவனுடைய தாய் தந்தை இருவருக்குமே 2024-ல் குறைந்தது 10 ஆண்டு சிறை!

நம் ஊரில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் கெடுபிடியானது. லைசென்ஸ் இல்லாமல் முடியாது. தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஆனாலும் ஓய்வு பெற்ற ராணுவத்தினர், எஸ்டேட்காரர்கள் வீட்டில் பீரோ மேல் நிற்கிற துப்பாக்கிக்கும் இதே விதிதான். பலூன் சுடுகிற ஏர்கன்னையும் பொம்மையோடு சேர்க்காதீர்கள். அதன் சின்ன ஈயக் குண்டு கண்ணைப் பறித்துவிடும்.

எப்படிக் கேட்பது?

பேரன் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகிறான். "அதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்கம்மா" என்று மகள் தயங்குவாள். தயங்க வேண்டாம். அங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். தனியாகக் கேட்டால்தான் கூச்சம். "இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, வீட்டில் நாய் இருக்கா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா, துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கா" என்று நான்கோடு நான்காகக் கேட்கச் சொல்லுங்கள். மோட்டல், பெட்ரோல் பங்க் நடத்துகிற இந்தியர்களிலும் சிலர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நம்மவர் வீடுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

பேரனுக்கும் சொல்லி வையுங்கள்: எங்கேயாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாமல் வெளியே ஓடி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தைப் பூட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள், பூட்டுக்குப் பதிலாக அல்ல. பக்கத்து வீட்டுப் பதிலில் திருப்தி இல்லையா? சண்டை வேண்டாம். அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோன முறுக்குக்கு இன்னொரு ரசிகன் கிடைப்பான்.