முதல் பாண்ட் எது?

ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ‘கேசினோ ராயல்’ பார்க்கலாமா? அதில் எது நிறை, எது குறை?
– வாசகர், தேனி

தாராளமாகப் பாருங்கள். பாண்ட் 007 ஆன கதையே இதுதான். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். 2006-ல் மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கத்தில் டேனியல் கிரெய்க் முதன்முதலாக பாண்டாக நடித்த படம்.

ஆரம்பத்தில் மடகாஸ்கரில் ஒரு துரத்தல். ஓடுகிறவன் சுவருக்கு மேலிருக்கும் சின்ன இடுக்கில் லாவகமாக நுழைந்து போகிறான். பாண்ட் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார். ஆள் எப்படிப்பட்டவர் என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது, மாடிப்படிச் சண்டைக்குப் பிறகு வரும் காட்சி. கொலையைக் கண்டு நடுங்கி, உடுத்திய உடையோடு ஷவரடியில் உட்கார்ந்திருக்கிறாள் நாயகி வெஸ்பர். பாண்டும் பேசாமல் வந்து பக்கத்தில் நனைகிறார். வெஸ்பராக வரும் ஈவா கிரீன் நடிப்பு அங்கே அபாரம்.

குறை? வில்லனோடு பாண்ட் ஆடும் சீட்டாட்டம் நீளம், புரியாதவர்களுக்காக பாண்டின் கூட்டாளி மாத்திஸ் பக்கத்திலிருந்து விளக்கிக்கொண்டே இருக்கிறார். வில்லன் விவகாரம் முடிந்த பிறகும் படம் அரை மணி நேரம் ஓடுகிறது. கடைசியில் வெனிஸில் நடக்கும் சண்டையின் இரைச்சல், அங்கே வரவேண்டிய சோகத்தைப் பாதி விழுங்கிவிடுகிறது.

கொடூரமான சித்திரவதைக் காட்சி ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். அடுத்து ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ பாருங்கள், இது விட்ட இடத்தில்தான் அது தொடங்குகிறது.