டிக்கெட்டில் உள்ள நேரம் பயண நேரமா?

சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பகுதிகளில் இருந்து துபாய், சிங்கப்பூர் சென்று வேலை பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் ஊருக்கு வரும்போது இ-டிக்கெட் நம் மெயிலுக்கு வருகிறது. அதில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாவிட்டால், அழைத்து வரச் செல்லும் கார் தவறான நேரத்தில் கிளம்பிவிடும். கம்ப்யூட்டர் துணையுடன் இதனைக் கணக்கிடுவது எப்படி எனப் பார்க்கலாம்.

தூரம் அறிய: பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறக்கவும். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் மீது ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். பின் துபாய் விமான நிலையத்தில் கிளிக் செய்திடவும். சுமார் 2,950 கி.மீ. எனக் கிடைக்கும். இதே போல் சென்னை - சிங்கப்பூர் அளந்தால் சுமார் 2,925 கி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் செல்கிறது. ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால், இரண்டுக்கும் ஏறத்தாழ 4 மணி நேரம்.

ஆனால் டிக்கெட்டில்? காலை 10.00 மணிக்குப் புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். துபாய் சேரும் நேரம் பகல் 12.30 என இருக்கும். சிங்கப்பூர் என்றால் மாலை 4.30 என இருக்கும். கழித்துப் பார்த்தால் ஒன்று இரண்டரை மணி நேரம், மற்றொன்று ஆறரை மணி நேரம்!

காரணம் இதுதான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சிடப்படும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால். (சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது 1982ல். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணி நேரமே.) எனவே இரு நேரங்களையும் இந்திய நேரமாக மாற்றிவிட்டுக் கழிக்கவும்.

கூடுதல் கடிகாரம்: விண்டோஸ் டாஸ்க் பாரில் உள்ள கடிகாரத்தில் ரைட் கிளிக் செய்து, தேதி, நேரம் மாற்றும் பிரிவுக்குச் செல்லவும். அங்கு 'அடிஷனல் கிளாக்ஸ்' தேர்ந்தெடுத்து, 'ஷோ திஸ் கிளாக்' எதிரே டிக் செய்திடவும். பட்டியலில் துபாய் என்ற பெயர் இருக்காது. 'அபுதாபி, மஸ்கட்' என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். சிங்கப்பூருக்கு 'கோலாலம்பூர், சிங்கப்பூர்'.

தேதியில் கவனம்: துபாயில் 14ம் தேதி இரவு 10.30க்குப் புறப்படும் விமானம், திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.00 மணிக்கு இறங்கும். அது 15ம் தேதி. டிக்கெட்டில் '+1' எனச் சிறிதாக இருப்பது இதைத்தான் சொல்கிறது. ஆரியங்காவு வழியாக நூறு கி.மீ.க்கு மேல் மலைப்பாதை. சாலைக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்கினால், 14ம் தேதி நள்ளிரவு 12.30 வாக்கில் கிளம்ப வேண்டும். 15ம் தேதி இரவு வரை காத்திருந்தால், வந்தவர் ஒரு பகல் முழுவதும் தனியே நிற்க வேண்டியதுதான்.

"இங்கே மணி 11.30, இப்போதுதான் விமானம் கிளம்புகிறது" எனப் போன் வந்தால்? ஒன்றரை கூட்டினால் நமக்கு 1.00 மணி; நான்கு கூட்டினால் காலை 5.00. ஒரு மணி நேரம் தாமதமாகவே புறப்படலாம்.