கனடா சம்பந்தம்: ஸ்பான்சர் விண்ணப்பம் எந்தப் பிரிவில்?



கனடாவில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பது நம் மஹல்லாவில் இப்போது புதிதல்ல. ஆனால் பெண்ணை எப்படி அழைத்துக்கொள்வது என்ற கேள்வியுடன் நிக்காஹ் முடிந்த பிறகே நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு தாயாரின் மகளுக்கு வீடியோ காலில் நிக்காஹ் நடந்திருந்தது. மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே. விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே தவறினோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இந்தப் பாடம்.

கனடா சட்டத்தில் துணையை ஸ்பான்சர் செய்ய மூன்று பிரிவுகள் உண்டு.

1. ஸ்பவுஸ்: சட்டப்படி மணந்த கணவன் அல்லது மனைவி. திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடா சட்டப்படியும் அது செல்ல வேண்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2. காமன்-லா பார்ட்னர்: மணம் செய்யாமல் 12 மாதம் தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்தவர்கள்.

3. கான்ஜுகல் பார்ட்னர்: ஓராண்டுக்கு மேல் உறவு இருந்தும், தங்களை மீறிய தடையால் மணக்கவோ சேர்ந்து வாழவோ முடியாதவர்கள்.

நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்தவர்களுக்கு எந்தப் பிரிவும் இல்லை.

நமக்கு உரியது முதல் பிரிவுதான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. போன், இணையம், வக்கீல் மூலம் என, மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் கனடா ஸ்பான்சருக்கு ஏற்பதில்லை. அந்தத் தாயார் வீட்டில் நேர்ந்தது இதுதான். "அப்படியானால் மூன்றாம் பிரிவில் போடலாமே" என்று ஓர் ஏஜென்ட் சொன்னாராம். மாப்பிள்ளை ஊருக்கு வந்து நேரில் நிக்காஹ் செய்ய வழி இருக்கும்போது, தடை இருப்பதாக எப்படிக் காட்டுவது? பொய்யான தகவல் தந்தது தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை வரும். மாப்பிள்ளை விடுப்பில் வந்து, நேரில் நிக்காஹ் நடந்து, அதைப் பதிவு செய்து, முதல் பிரிவில் புதிதாக விண்ணப்பிப்பதே நேர்வழி.

ஆகவே பேச்சுவார்த்தையின்போதே இவற்றைக் கேளுங்கள்.

மாப்பிள்ளை குடியுரிமை பெற்றவரா, பி.ஆர். பெற்றவரா? வேலை பெர்மிட்டிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் ஸ்பான்சர் செய்ய முடியாது. பி.ஆர். பெற்றவர் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவருடைய பி.ஆர். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா? அப்படியானால் நிக்காஹ் ஆனதும் மனைவியின் பெயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். "தனியாள்" என்றே பி.ஆர். வாங்கிவிட்டால், மறைக்கப்பட்ட மனைவியைப் பின்னர் ஸ்பான்சர் செய்வது பெரும்பாலும் அடைபட்டுப் போகும்.

அவரே முன்பு ஒரு துணையால் ஸ்பான்சர் செய்யப்பட்டுப் போனவரா? பி.ஆர். பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு கழியாமல் அவர் இன்னொரு துணையை அழைக்க முடியாது. முந்தைய திருமணம் இருந்தால், அது சட்டப்படி முடிந்ததற்கான ஆவணத்தையும் பாருங்கள்.

நம் மகனைக் கனடாப் பெண் ஸ்பான்சர் செய்தாலும் இதே விதிகள்தான்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. ஜமாஅத் தஃப்தரில் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொது. 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டிலும் நிக்காஹ் சான்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் இருப்பது தெரியும்படி சில படங்களாவது எடுத்து வையுங்கள். பின்னர் பேசிய, சந்தித்த, பணம் அனுப்பிய பதிவுகளையும் பத்திரப்படுத்துங்கள். உறவு உண்மையானது என்பதற்கு அவையே சாட்சி.

கடன் கொடுத்தாலே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மகளின் வாழ்க்கையை வாய்ச்சொல்லில் விடலாமா? ஆவணங்களோடு அலுவலகத்திற்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கட்டணம் கட்டுவதற்கு முன், கனடா அரசு அங்கீகரித்த ஆலோசகர்தானா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளின் இல்லறத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்